பழைய பத்மினிக்கு எந்தப் பட்டி?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. அப்பா ஓட்டிய பிரீமியர் பத்மினி வீட்டில் நிற்கிறது. டிரைவர் பக்கக் கதவின் நடுவில் ஒரு சொட்டை, டிக்கி மூடியில் லேசான நெளிவு, இடது முன் மட்கார்டின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குத் துரு. டிங்கர் "பட்டி போட்டு ரெண்டு நாள்ல முடிச்சிடலாம்" என்கிறார். நண்பரோ "பட்டி போட்ட வண்டி ஒரு மழைக்காலம் தாங்காது, பழைய முறைப்படி ஈயம்தான் வைக்கணும்" என்கிறார். எந்தக் கம்பெனி டின் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் தெரிய வேண்டியது, இந்த மூன்று இடத்திலும் பட்டிக்கு, அதாவது பள்ளத்தை நிரப்பித் தேய்க்கும் களிம்புக்கு, வேலை இருக்கிறதா, இருந்தால் எத்தனை மில்லிமீட்டர் என்பதுதான். டின் எது என்பது அதற்கப்புறம் வரும் கேள்வி, கொஞ்சம் சுலபமானதும்கூட.

பழைய ஃபியட், அம்பாசிடர், ஹெரால்டு என்று டிங்கரிங்கும் பெயிண்டிங்குமாக வருடக்கணக்கில் கை அழுக்கானவன் என்பதால் எழுதுகிறேன். ஆனால் நீங்கள் போட்டிருக்கும் படங்களில் தகட்டின் வெளிப்பக்கம் மட்டும்தான் தெரிகிறது. துருவைப் பொறுத்தவரை விஷயம் எப்போதும் பின்பக்கம். ஆகவே மட்கார்டைப் பற்றி நான் சொல்வதை, கையை உள்ளே விட்டுப் பார்த்து நீங்களே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பட்டறையில் பட்டி என்று பொதுவாகச் சொல்வது பாலியெஸ்டர் பட்டி. ஸ்டைரீனில் கரைந்த பாலியெஸ்டர் பிசினோடு டால்க் தூளைக் கலந்து டின்னில் அடைத்திருப்பார்கள். கூடவே ஒரு சின்ன ட்யூபில் ஹார்டனர் வரும். அதில் இருப்பது பென்சாயில் பெராக்சைடு. இரண்டும் சேர்ந்ததும் பிசின் சூடேறி இறுகும். இறுகிய பிறகு அது உருவத்தைக் காட்டும், பெயிண்ட்டைத் தாங்கும், அவ்வளவுதான். தகட்டுக்கு அது பலம் தராது, துருவை நிறுத்தாது, தண்ணீரை முழுசாகத் தடுக்கவும் தடுக்காது. டால்க் கலந்த சாதாரண பட்டி ஈரத்தை உறிஞ்சும். உங்கள் நண்பர் பார்த்த, மழைக்காலத்தில் உரிந்த வண்டிகள் எல்லாம் பெரும்பாலும் இதனால் உரிந்தவைதான். அதை வைத்துப் பட்டியே ஆகாது என்று சொல்லிவிட முடியாது.

முதலில் மட்கார்டு. அதன் கீழ்ப்பகுதியில், சக்கரத்துக்குப் பின்னால், உள்பக்கமாகச் சேறு சேர்ந்து காயாமல் கிடக்கும். துரு அங்கே ஆரம்பித்து வெளியே வருகிறது. வெளியே கொப்புளமாகத் தெரியும்போது உள்ளே தகடு ஏறக்குறைய போயிருக்கும். பெயிண்ட்டைச் சுரண்டிவிட்டு, ஒரு ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். முனை உள்ளே போனாலோ, தகடு பேப்பர் மாதிரி அமுங்கினாலோ, அந்த இடத்தில் பட்டிக்கு வேலையே இல்லை. நல்ல தகடு வரும்வரை வெட்டி எடுத்துவிட்டு, அதே கனத்தில் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். ஓட்டையின் பின்னால் வலையோ பேப்பரோ அடைத்து மேலே பட்டி இழுப்பது நம் ஊரில் சர்வசாதாரணம். சில மாதம் அழகாகத்தான் இருக்கும். பின்பக்கத்திலிருந்து சேற்றுத் தண்ணீர் பட்டிக்குள் ஏறி, சுற்றியுள்ள நல்ல தகட்டையும் அரிக்கும். கடைசியில் பெயிண்ட்டோடு சேர்ந்து ஒரு தட்டாகக் கழன்று விழும்.

வெல்டிங் என்றால், சி.ஓ.டூ. வெல்டிங் (கார்பன் டை ஆக்சைடு வாயுவின் காப்பில் கம்பியை உருக்கிச் செய்யும் மின் வெல்டிங்) இருக்கும் பட்டறையாகப் பாருங்கள். கேஸ் வெல்டிங்கில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அதில் சூடு அதிக இடத்துக்குப் பரவுவதால் மெல்லிய தகடு நெளியும், நெளிந்ததை மறைக்க இன்னும் பட்டி ஏறும். எதில் செய்தாலும் ஒரே கோடாக இழுக்காமல், இங்கே ஒரு புள்ளி அங்கே ஒரு புள்ளி என்று வைத்து, இடையில் ஆறவிட்டு முடிக்க வேண்டும்.

இதோடு சேர்த்து ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 1964-இல் ஃபியட் 1100 டிலைட் ஆக வந்து பிறகு பத்மினி என்று பெயர் மாறிய இந்த வண்டிக்கும், அம்பாசிடருக்கும், ஹெரால்டுக்கு இருப்பது போலத் தனிச் சேசிஸ் கிடையாது. பாடியேதான் சுமையைத் தாங்குகிறது. ஆகவே கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதி (ரன்னிங் போர்டு என்று சொல்வார்கள்), தரைத் தகடு, சஸ்பென்ஷன் வந்து சேரும் இடங்கள் ஆகியவற்றில் துருவைப் பட்டியால் மூடினால், பிரச்சினை அழகு சம்பந்தப்பட்டதாக இருக்காது, விபத்தில் உயிர் சம்பந்தப்பட்டதாகிவிடும். மட்கார்டைப் பார்க்கக் குனியும்போது அப்படியே இவற்றையும் தட்டிப் பாருங்கள்.

வண்டி இத்தனை வயதானது என்றால் ஏற்கெனவே எங்கெங்கோ பட்டி இருக்கும். ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி பாடி முழுக்க நகர்த்துங்கள். நல்ல தகட்டில் இழுத்துப் பிடிக்கும், பட்டி கனமாக இருக்கும் இடத்தில் வழுக்கி விழும். விரல் முட்டியால் தட்டினால் சத்தமும் மாறும், தகடு கணீரென்றும் பட்டி மொத்தென்றும் பேசும். பெயிண்ட் கனம் அளக்கும் மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. பெயிண்ட் மட்டும் இருக்கும் இடத்தில் நூற்றுக்கணக்கான மைக்ரான்தான் காட்டும், ஆயிரத்தைத் தாண்டினால் அடியில் பட்டி. அப்படிப் பழைய பட்டி இருக்கும் இடத்தில் அதன் மேலேயே புதுப் பட்டி இழுக்க விடாதீர்கள். தோண்டி எடுத்தால்தான் அடியில் என்ன கதை என்று தெரியும்.

இனி கதவுச் சொட்டை. தகடு உடையாமல், துருப்பிடிக்காமல், நசுங்கி மட்டும் இருக்கிறது என்றால் இங்கே பட்டிக்கு நியாயமான இடம் உண்டு, கடைசியாக. முதலில் உள்பக்க டிரிம்மைக் கழற்றிவிட்டு, பின்னால் டாலியை (தட்டும்போது முட்டுக்கொடுக்கும் இரும்புக் கட்டி) பிடித்து முன்னால் சுத்தியால் தட்டி, தகட்டை எவ்வளவு முடியுமோ அவ்வளவு பழைய உருவத்துக்குக் கொண்டுவர வேண்டும். கை போகாத இடம் என்றால், தகட்டின் மேல் ஆணி மாதிரி ஒட்டவைத்து இழுக்கும் புல்லர் இப்போது நிறையப் பட்டறைகளில் இருக்கிறது. பழைய வழக்கப்படி தகட்டில் துளைகள் போட்டு, ஸ்க்ரூவை மாட்டி இழுப்பவர்களும் உண்டு. அதை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்தத் துளைகளை அப்படியே விட்டுப் பட்டி இழுப்பார்கள். கதவுக்குள் கண்ணாடி வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் ஒவ்வொரு துளை வழியாகவும் பட்டியின் முதுகைத் தொடும்.

எவ்வளவு தட்டினால் போதும்? ஒரு ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வைத்துப் பாருங்கள். பள்ளம் 2 மி.மீ.க்குள் வந்துவிட்டால் பட்டிக்குக் கொடுக்கலாம். 3 மி.மீ. என்பது நான் ஒப்புக்கொள்ளும் எல்லை. சில தயாரிப்பாளர்கள் 6 மி.மீ. வரை சம்மதிக்கிறார்கள். கனம் கூடக்கூடச் சுருங்குவதும் கூடும், வெயிலில் தகடும் பட்டியும் வேறுவேறு அளவில் விரிந்து வெடிப்பதும் கூடும். ஒரு விஷயம்: மேடாக நிற்கும் புள்ளிகளைத் தட்டி இறக்காமல் விட்டால், அவற்றை மூடுவதற்காகவே கதவு முழுக்கப் பட்டி ஏற வேண்டியிருக்கும். பள்ளத்தைவிட மேடுதான் பட்டியைத் தின்னும்.

டிக்கி மூடி வேறு மாதிரி. அகலமான, கிட்டத்தட்ட சமமான தகடு. அதில் நெளிவு என்றால் தகடு நீண்டிருக்கலாம். அழுத்தினால் டொக்கென்று உள்ளே போய்த் திரும்ப வெளியே வருகிறதா? வந்தால் அந்த இடத்தைச் சூடு கொடுத்துச் சுருக்க வேண்டும். கை பழகியவர் செய்ய வேண்டிய வேலை அது. அப்படி ஆடும் தகட்டின் மேல் எந்த உயர்ந்த பட்டியைப் போட்டாலும் மூடியை இரண்டு முறை அடித்துச் சாத்தினால் விரிசல் விடும். ஆடவில்லை என்றால், மெல்லிய பட்டி நீளமாக இழுத்து, நீளமான கட்டை வைத்துத் தேய்த்தால் சரியாகிவிடும்.

ஈயத்தைப் பற்றி நண்பர் சொன்னதில் பாதி உண்மை. 1950களில் பிளாஸ்டிக் பட்டி வருவதற்கு முன்னால், தகடுகள் சேரும் மூட்டுகளைத் தொழிற்சாலைகளிலேயே ஈயமும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தால்தான் நிரப்பினார்கள். 70 பங்கு ஈயமும் 30 பங்கு வெள்ளீயமும் சேர்ந்த கலவை, சுமார் 183 டிகிரியிலிருந்து 255 டிகிரி வரை முழுசாக உருகாமல் குழைந்து நிற்கும். அந்த நேரத்தில் மரத்துண்டால் தள்ளி உருவம் கொடுப்பார்கள். தகட்டோடு உலோகமாகவே ஒட்டுவதால் தண்ணீர் புகாது, ஓரங்களில் உடையாது. மூட்டுக்கும் கதவு ஓரத்துக்கும் இன்றும் அதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் கதவு நடுவிலும் டிக்கி மூடியிலும் அத்தனை சூடு காட்டினால் தகடு இன்னும் நெளியும். பத்தவைக்கப் பயன்படும் ஃபிளக்ஸ் அமிலம் சரியாகக் கழுவப்படாமல் போனால் மேலே போடும் பெயிண்ட்டும் பட்டியும் கிளம்பிவிடும். ஈயத் தூள் விஷம், அதை கிரைண்டரால் அரைக்கவே கூடாது. நாளைக்கு உங்கள் வண்டியில் பெயிண்ட் எடுக்கும்போது மூட்டுகளில் மெத்தென்ற வெள்ளி நிற உலோகம் தெரிந்தால் அது இதுதான், நோண்டாமல் விட்டுவிடுங்கள்.

சரி, டின். கம்பெனிப் பெயர் சொல்ல மாட்டேன், வகை சொல்கிறேன். வெல்டிங் செய்த கோட்டின் மேல், முதல் கையாக (முதல் பூச்சாக), கண்ணாடி இழை கலந்த ஃபைபர் பட்டி. அது சாதாரண பட்டியைவிட வலுவானது, ஈரத்தையும் அதிகம் ஏற்காது. தேய்க்க மட்டும் கை கடுக்கும். அலுமினியத் தூள் கலந்ததும் இந்த வேலைக்குச் சரி, விலை கூடுதல். அதன் மேலும், கதவு, டிக்கி போன்ற இடங்களிலும் உருவம் கொடுக்க, லைட் வெயிட் என்று போட்டிருக்கும் பாலியெஸ்டர் பட்டி. டால்க்கில் ஒரு பங்கை எடுத்துவிட்டு நுண்ணிய கண்ணாடிக் குமிழிகள் சேர்த்திருப்பார்கள், தேய்ப்பது சுலபம். கடைசியாக ஊசி முனைத் துளைகளையும் கீறல்களையும் மூட, ஹார்டனர் சேர்க்கும் வகை ஃபைன் பட்டி. இந்தக் கடைசி வேலைக்குப் பல பட்டறைகளில் இன்னும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பட்டிதான் ஓடுகிறது. ட்யூபைப் பிதுக்கினால் போதும், கலக்க வேண்டாம், அதனால் எல்லோருக்கும் பிடிக்கும். அது இறுகுவது தின்னர் ஆவியாவதால். கொஞ்சம் கனமாக வைத்தால் மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரமாகவே இருக்கும். பெயிண்ட் அடித்துப் பல வாரம் கழித்து அந்த இடம் மெதுவாகக் குழியும். நகம் படாத அளவுக் கீறலைத் தாண்டி அதைப் பயன்படுத்த விடாதீர்கள். எபாக்ஸி களிம்புகள் வீட்டுக் குழாய்க்கு நல்லவை. பாடியில் வைத்தால் சுற்றியுள்ள பட்டி தேய்ந்துபோக அது மட்டும் மேடாக நிற்கும்.

தகட்டின் மேல் நேராகப் பட்டியா, எபாக்ஸி பிரைமர் (தகட்டைக் காக்கும் அடிப்பூச்சு) அடித்து அதன் மேல் பட்டியா என்பதில் அனுபவசாலிகளே இரண்டு கட்சி. 80 நம்பர் உப்புத்தாளால் (பேப்பர்) சொரசொரப்பாக்கிய சுத்தமான தகட்டில் பட்டி நன்றாகவே பிடிக்கும், பல தயாரிப்பாளர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் கடல் காற்று அடிக்கும் ஊரில் தேய்த்த தகடு சில மணி நேரத்திலேயே நிறம் மாற ஆரம்பிக்கிறது. வேலை நாள்கணக்கில் இழுக்கும் என்றால் எபாக்ஸி முதலில் என்பது என் பக்கம். அந்த டின்னில் குறித்திருக்கும் நேரத்துக்குள் பட்டி இழுக்க வேண்டும், தாண்டிவிட்டால் மேலே லேசாகத் தேய்த்துவிட்டு இழுக்கலாம். இதில் இரண்டு அபிப்பிராயம் இருக்கலாம். எட்ச் பிரைமர், அதாவது அமிலம் கலந்த பிரைமரின் மேல் பட்டி கூடாது என்பதில் இரண்டு அபிப்பிராயம் கிடையாது. அமிலம் பட்டியைச் சரியாக இறுக விடாது. துருவை மாற்றும் பாஸ்பாரிக் அமிலத் திரவங்களுக்கும் இதே எச்சரிக்கைதான், நன்றாகக் கழுவி உலர்த்தாமல் மேலே போகக் கூடாது. பழைய பெயிண்ட்டின் மேலும் பட்டி வேண்டாம். சொட்டையைச் சுற்றி ஒரு கை அகலத்துக்குப் பெயிண்ட்டை எடுத்துவிடுங்கள். தின்னர் நனைத்த துணியால் தேய்த்தால் பெயிண்ட் கரைந்து துணியில் வந்தால் அது என்.சி. வகை. அதன் மேல் ஓரம் வைத்தால் பிரைமரின் தின்னர் பட்டதும் ஊறி, பிறகு பட்டியின் ஓரம் வரைபடம் போட்ட மாதிரி தெரியும்.

கலப்பதுதான் நிறையப் பேர் அலட்சியமாக விடும் இடம். டின்னைத் திறந்ததும் மேலே நிற்கும் பிசினை அடிவரை கிளறுங்கள், ஹார்டனர் ட்யூபையும் பிசைந்துகொள்ளுங்கள். 100 கிராம் பட்டிக்கு 2 கிராம் ஹார்டனர் என்பது பொதுக்கணக்கு. டின்னில் வேறு சொன்னால் அதைக் கேளுங்கள். கண்ணளவுக்குப் பதிலாக நகைத் தராசு மாதிரி ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிவிடுவது நல்லது. ஹார்டனர் குறைந்தால் பட்டி கடைசிவரை பிசுபிசுப்பாகவே இருக்கும், பேப்பரை அடைக்கும். கூடினால் சீக்கிரம் காயும் என்று சந்தோஷப்படுவார்கள். மீந்த பெராக்சைடு பெயிண்ட்டுக்குள் ஏறிக் கறையாக வெளியே தெரியும், அதுவும் வெள்ளை, கிரீம் நிற வண்டிகளில் பளிச்சென்று. அட்டையின் மேல் கலக்காதீர்கள், அது பிசினை உறிஞ்சும். கண்ணாடித் துண்டோ தகடோ போதும். முட்டை அடிப்பது போல் அடித்துக் கலந்தால் காற்று புகுந்து ஊசித்துளை விழும். பிளேடால் மடித்து மடித்து அழுத்தி, கோடு கோடாக நிறம் தெரியாமல் ஒரே நிறமாகும்வரை கலக்க வேண்டும்.

நம் வெயிலில் கலந்த பட்டி கையில் மூன்று நான்கு நிமிடம்தான் இருக்கும். அதனால் கொஞ்சமாகக் கலந்து, காலை நேரத்தில், நிழலில் வேலை செய்யுங்கள். வெயிலில் நின்ற கதவில் பட்டி வைத்தால் பிளேடு இழுக்கும் முன்னே கட்டியாகிவிடும். முதல் கையை மெல்லியதாக, பிளேடை அழுத்தி, சொரசொரப்புக்குள் திணிக்கிற மாதிரி இழுக்க வேண்டும். அடுத்த கைதான் கனம் கொடுக்க. கட்டியாக ஆரம்பித்த பட்டியை மேலும் இழுக்காதீர்கள், கிழியும். பட்டி முழுக்க இறுகுவதற்குச் சற்று முன், நகம் பட்டால் தடம் விழும் நிலையில், துருவல் அரத்தால் மேட்டை எல்லாம் சீவிவிடலாம். பாதித் தூசியும் பாதி உழைப்பும் அங்கேயே மிச்சம். மேலே ஒட்டும் மெழுகுத் தோலும் அதோடு போய்விடும்.

தேய்ப்பதில் நம் பட்டறை வழக்கத்தோடு நான் மோதியே ஆக வேண்டும். வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துப் பட்டியைத் தேய்ப்பது இங்கே பலருக்குப் பழக்கம். தூசி பறக்காது, பேப்பரும் அதிக நேரம் வரும், அதனால் செய்கிறார்கள். ஆனால் அந்தத் தண்ணீர் பட்டிக்குள் இறங்கித் தகட்டைத் தொடுகிறது. துடைத்துவிட்டு மறுநாளே பிரைமர் அடித்தால் உள்ளேயே பூட்டப்படுகிறது. அப்புறம் வெயிலில் கொப்புளம். பட்டியை உலர்வாகத்தான் தேய்க்க வேண்டும், 80-இல் ஆரம்பித்து 180, பிறகு 320. தண்ணீர் பேப்பர் எல்லாம் மேலே சர்ஃபேசர் (பெயிண்ட்டுக்கு முன் மேற்பரப்பைச் சமமாக்க அடிக்கும் பிரைமர்) வந்த பிறகு. கையில் பேப்பரை மடித்துத் தேய்த்தால் விரல் தடம் அலையாக நிற்கும், கட்டை வைத்து, குறுக்கும் நெடுக்குமாகத் தேயுங்கள். மேலே கருப்பு ஸ்பிரேயை ஒரு தூவல் தூவிவிட்டுத் தேய்த்தால், பள்ளத்தில் கருப்பு அப்படியே நிற்கும், மேட்டில் முதலில் போகும். கண்ணை நம்பாமல், மெல்லிய துணியை உள்ளங்கைக்கு அடியில் வைத்துக் கதவின் நீளத்துக்குத் தடவிப் பாருங்கள். வெறுங்கைக்குத் தெரியாத அலை துணியோடு தெரியும்.

தூசி முகமூடி கட்டாயம், கலக்கும்போது ஸ்டைரீன் வாடைக்காகக் காற்றோட்டமும் கட்டாயம். பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு, வீட்டில் குழந்தைகள் இருந்தால் கார் ஷெட்டில் உலர்வாகப் பெயிண்ட் சுரண்டும் வேலை வேண்டவே வேண்டாம்.

நீங்களே செய்யலாமா என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். கதவுக்குப் பட்டி இழுப்பதும் தேய்ப்பதும், பொறுமை இருந்தால், முடியும். தட்டி எடுப்பதையும் மட்கார்டு வெல்டிங்கையும் டிங்கரிடமே கொடுங்கள். அவரிடம் ஒன்றை மட்டும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்: பட்டி வைப்பதற்கு முன்னால், தட்டி வெல்டிங் முடித்த வெறும் தகட்டை நீங்கள் வந்து பார்ப்பீர்கள் என்று. நல்ல வேலைக்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார், பெருமையாகவே காட்டுவார். இரண்டு நாளில் முடியாது என்பதையும் நீங்களே சொல்லிவிட்டால் அவருக்கும் நிம்மதி. கடைசிப் பட்டிக்கும் பிரைமருக்கும் இடையில் குறைந்தது ஓர் இரவு விடச் சொல்லுங்கள், சுருங்குவது அதற்குள் சுருங்கட்டும். வெல்டிங் செய்த இடத்தின் பின்பக்கத்துக்கு எபாக்ஸியும் அதன் மேல் அண்டர்கோட்டும் அடிக்கச் சொல்லிக் கேளுங்கள், கதவின் அடியில் இருக்கும் வடிகால் துளைகளையும் குத்தித் திறந்துவிடச் சொல்லுங்கள். பெயிண்ட்டுக்குப் பணம் சேரும்வரை சர்ஃபேசரோடு வெளியே நிறுத்தலாம் என்று யோசிக்காதீர்கள். சர்ஃபேசர் ஈரத்தைத் தடுக்காது. ஐப்பசி மழைக்கு முன் பெயிண்ட் ஏற வழியில்லை என்றால், வேலையையே தை மாதத்துக்குத் தள்ளிப்போடுவது மேல்.